முப்பத்தோரு வருஷம் முந்திக்கொண்ட வெயில்

முப்பத்தோரு வருஷம் கழித்து வர வேண்டிய வெயில், நகராட்சி அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கிற குறுக்குத் தெருவுக்கு மட்டும் ஒரு புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு வந்து சேர்ந்தது. தெருவில் நாற்பத்தாறு வீடுகள், இருநூற்றுப் பன்னிரண்டு பேர். முனையில் இருந்த மருந்துக்கடையின் படியில் நின்றால் ஒரு காலில் இந்த வருஷத்து வெயிலும் மறுகாலில் அந்த வருஷத்து வெயிலும் பட்டது. மருந்துக்கடைக்காரர் தனக்குத்தான் பக்கவாதம் வந்துவிட்டது என்று நினைத்து, பலகையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மத்தியானத்துக்குள் கொடியில் கிடந்த துணியெல்லாம் அப்பளம் மாதிரி மொறுமொறுத்துவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலிகள் முட்டி போட்டன. தெருநாய்கள் மூன்றும் எழுந்து, யாரிடமும் கோபித்துக்கொள்ளாமல், பெரிய தெருவுக்குக் குடி போயின. மின்சார அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து கம்பத்தைத் தட்டிப் பார்த்து, தங்கள் பக்கத்தில் குறையில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஒரே ஒரு குடும்பம் வீடு மாற்றிப் பார்த்தது. சாமான்களை ஏற்றிக்கொண்டு நான்கு தெரு தள்ளிப் போனார்கள். மறுநாள் காலையிலேயே அந்தப் புது வீட்டின் கூடத்திலும் அதே வெயில் வந்து உட்கார்ந்திருந்தது. வீட்டுக்காரர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து, வண்டியையும் தானே பிடித்துக் கொடுத்து அனுப்பிவைத்தார். அதற்குப் பிறகு யாரும் கிளம்பவில்லை.

எட்டாம் நாள் அளவுக்காரி வந்தாள். வானிலை ஆய்வு நிலையத்தில் பதினொரு வருஷமாக வேலை பார்ப்பவள். அவளுடைய அண்ணன் அந்தத் தெருவில்தான் இருந்தார், ஏசி மெக்கானிக். அப்பா இல்லாத வீட்டில் அவளைப் படிக்கவைத்தவர் அவர்தான். அண்ணி தெருவின் நடுவில் முப்பது மிஷின் போட்ட தையல் கூடம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தாள். அளவுக்காரி அண்ணன் வீட்டு மொட்டை மாடியில் ஒரு வெள்ளைப் பெட்டியை வைத்து, உள்ளே தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டாள். முதல் நாள் நாற்பத்து நாலு புள்ளி ஏழு. இந்த எண்ணை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று அவளுக்கு உறுத்தியது.

பார்த்திருந்தாள், எழுதியதே அவள்தான். இந்த ஊரில் இனிமேல் என்னென்ன வெயில் அடிக்கும், என்னென்ன மழை பெய்யும் என்று ஐம்பது வருஷத்துக்கு நாள்வாரியாகக் கணக்குப் போட்டு அறுநூறு பக்கத்துக்கு ஓர் அட்டவணை தயாரித்திருந்தாள். அதை யாரும் பிரித்துப் படித்ததில்லை. ஒரு மழைக்காலத்தில் நிலையத்தின் பின்கதவு அடித்துக்கொள்ளாமலிருக்க அதைத்தான் முட்டாக வைத்திருந்தார்கள். அதை எடுத்து வந்து பார்த்தபோது, முப்பத்தோரு வருஷம் தள்ளி, அதே மாதம், அதே தேதியில் நாற்பத்து நாலு புள்ளி ஏழு என்று இருந்தது. மறுநாளும் பொருந்தியது. அதற்கு மறுநாள் காற்றின் திசைகூடப் பொருந்தியது. ஒரு கணக்கு இவ்வளவு சரியாக வந்தால் எங்கோ தப்பு இருக்கிறது என்று தெரிகிற அளவுக்கு அவளுக்கு அனுபவம் உண்டு. தெர்மாமீட்டரை மாற்றினாள். வேறு அலுவலகத்திலிருந்து கடன் வாங்கி வந்து தொங்கவிட்டாள். பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் நாலு பத்துக்குத் தெருவின் மேல் மட்டும் மழை பெய்து நாலரைக்கு நின்றது. அட்டவணையில் அன்றைக்குப் பதினெட்டு மில்லிமீட்டர். பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்த மழைமானியிலும் பதினெட்டு. அண்ணி கொடுத்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு, செருப்பை மறந்து, அவள் தன் வீடு வரைக்கும் வெறுங்காலோடு நடந்து போனாள்.

அதிலிருந்து அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டாள். காலியான பேருந்திலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காரணம், அட்டவணையை முன்னால் புரட்டிப் பார்த்துவிட்டாள். பதினாலு மாதம் கழித்து நான்கு நாட்கள் இருந்தன. பகலில் ஐம்பத்திரண்டு புள்ளி ஆறு. விடியற்காலையில்கூட முப்பத்தெட்டுக்குக் கீழே இறங்காது. காற்றில் ஈரம் முட்ட முட்ட இருக்கும். அந்தக் காற்றில் நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளுக்கும் ஆறு மணி நேரத்துக்கு மேல் உடம்பு தாங்காது. அந்தப் பக்கத்தின் அடியில் அவளே எழுதிய ஒரு வரி இருந்தது: ‘இந்நாட்களில் இப்பகுதி வசிப்பதற்கு உகந்ததாக இராது.’ அதை எழுதி முடித்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடப் போனதும், சாப்பாடு நன்றாக இருந்ததும் அவளுக்கு நினைவுக்கு வந்தன.

நிலையத்தின் இயக்குநரிடம் போனாள். அவர் கெட்டவர் இல்லை. முப்பது வருஷம் ஒரே முறையில் வேலை பார்த்தவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“உலகத்துல எங்கயும் கிடைக்காத ஆய்வுக்களம் இது. நீங்க போய்ச் சொன்னீங்கன்னா அவங்க நடந்துக்கற விதமே மாறிடும். மாறிட்டா நம்ம கையில என்ன மிஞ்சும்? ஒண்ணும் மிஞ்சாது.”

“சார், அங்க எங்க அண்ணன் இருக்கார்.”

“அதனாலதான் சொல்றேன். தள்ளி நில்லுங்க. நாம பாக்கறவங்க, அவ்வளவுதான்.”

பத்தொன்பது நாள் அவள் தள்ளி நின்று பார்த்தாள். தினமும் மாடிக்குப் போய் எண்ணை எழுதிக்கொண்டு, கீழே அண்ணியின் கண்ணைப் பார்க்காமல் வெளியேறினாள். இருபதாம் நாள் காலையில் அறுநூறு பக்கத்தையும் ஒரு சாக்குப் பையில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து தையல் கூடத்தின் நடுவில் போட்டாள். மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

நாற்பது நிமிஷம் பேசுவதற்குத் தயாராக வந்திருந்தாள். நாலு நிமிஷத்தில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அதற்கப்புறம் அவளைப் பேசவிடாமல் கேள்விகள் வந்தன. அண்ணிதான் முதலில் கேட்டாள்: “அந்த நாலு நாள்ல குழாயில தண்ணி வருமா?” அட்டவணையில் அதற்கு இடம் இல்லை. தெருமுனையில் நாற்பது வருஷமாகக் கரிப்பெட்டி வைத்து இஸ்திரி போடுகிற பெரியவர் கேட்டார்: “காத்து தெக்கேருந்துன்னு போட்டிருக்கியேம்மா, அது தரையில வர்ற காத்தா, மாடி மேல போற காத்தா?” அதுவும் அவளுக்குத் தெரியாது. மொத்தம் எண்பத்தாறு கேள்விகள். அவளால் ஒன்பதுக்குத்தான் பதில் சொல்ல முடிந்தது. வெளியே வந்தபோது அவமானமாக இருந்தது. வீடு போய்ச் சேருவதற்குள் அது அவமானம் இல்லை, பசி என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பதினொரு வருஷத்தில் இவ்வளவு நல்ல கேள்விகளை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

அன்றிலிருந்து ஆய்வு அவள் கையை விட்டுத் தெருவின் கைக்குப் போயிற்று. வீட்டுக்கு ஒரு தெர்மாமீட்டர் தொங்கியது. தையல்காரப் பெண்கள் வெட்டுத்துணியில் சாக்கட்டியால் எழுதி வைத்தார்கள். இஸ்திரிக்காரர் ஒரு சிலேட்டு வாங்கி, மத்தியானம் இரண்டு மணி அளவு தன்னுடைய பொறுப்பு என்று சொல்லிவிட்டார். ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. தெருவிலேயே அதிகம் கொதிக்கிற இடம் வெயில் விழுகிற இடம் இல்லை என்பதைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். மேற்கு வரிசை வீடுகளுக்குப் பின்னால் மூன்றடிச் சந்து ஒன்று உண்டு. அறுபத்தோரு ஏசிகளின் முதுகும் அதற்குள்தான் மூச்சு விட்டது. சந்தில் பதினொரு டிகிரி கூடுதல். அறுபத்தொன்றையும் மாட்டியவர் அளவுக்காரியின் அண்ணன்.

அவள் போய்ச் சொன்னபோது அவர் ஏணியின் மேல் நின்று அறுபத்திரண்டாவதை மாட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன சொல்ற? எல்லாத்தையும் கழட்டணுமா?”

“எல்லாத்தையும் இல்லண்ணா. மத்தியானத்துல மட்டும் நிறுத்திட்டு, நாலு நாலு வீடா ஒரே அறையில இருந்தா...”

“இந்த ஏணியில ஏறி ஏறித்தான் உன்னைப் படிக்கவெச்சேன். படிச்சிட்டு வந்து ஏணியையே எடுக்கச் சொல்றியா?”

அதற்குப் பிறகு அண்ணன் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். மாடிக்குப் போகிற சாவியை மட்டும் வழக்கமான ஆணியில் மாட்டி வைத்தார்.

பன்னிரண்டு வீடுகள் அவள் சொன்னபடி செய்து பார்த்தன. மத்தியானத்தில் ஏசியை அணைத்துவிட்டு, அளவு குறைவாக இருந்த மூன்று அறைகளில் சேர்ந்து உட்கார்ந்தார்கள். மறுநாள் அட்டவணையில் நாற்பத்தாறு புள்ளி மூன்று; பெட்டியில் நாற்பத்தாறு புள்ளி ஒன்று. அளவுக்காரி இரண்டு தடவை திருப்பிப் படித்தாள். இது முப்பத்தோரு வருஷத்துக்குப் பிந்தைய வெயில். பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் நேற்று மத்தியானம் செய்த ஒரு காரியம் அங்கே போய் அதை அசைத்துவிட்டு வந்திருக்கிறது. ஒரு வாரம் கழித்து, யார் ஜன்னலோரம் உட்காருவது என்று பெரிய சண்டையாகி, எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தி ஏசியைப் போட்டுக்கொண்டார்கள். மறுநாள் அட்டவணைக்கு மேலே அரை டிகிரி. ஜன்னலோரச் சண்டையை வானம் வரைக்கும் இழுத்தவர்கள் என்று அந்தப் பன்னிரண்டு வீட்டையும் மற்றவர்கள் கொஞ்ச காலம் கேலி செய்தார்கள். பிறகு அவர்களும் அணைத்தார்கள்.

தெருவில் நடப்பதற்கு மட்டுமில்லை, ஊரில் எங்கே எது நடந்தாலும் பெட்டி அசைந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் காரணமே இல்லாமல் ஒன்று புள்ளி நாலு ஏறியது. அண்ணி கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, “யாரோ எங்கயோ என்னமோ பண்ணிட்டாங்க” என்றாள். ஏரியை மேடாக்கிக் கிடங்கு கட்டலாம் என்று நகராட்சி முடிவு எடுத்த செய்தி மறுநாள்தான் பத்திரிகையில் வந்தது. முப்பது பெண்கள் தெர்மாமீட்டரோடு போய் நகராட்சித் தலைவரைக் கூட்டி வந்து தெருவில் நிற்கவைத்தார்கள். அவர் குடை பிடித்துக்கொண்டு நின்று, வேர்த்து வழிந்து, தற்செயல் என்றார். ஆனாலும் முடிவை நிறுத்தி வைத்தார். மறுநாள் மத்தியானம் ஒன்று புள்ளி நாலும் இறங்கிவிட்டது. தலைவருக்கு மனசு கேட்கவில்லை. யாருக்கும் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் காகிதத்தில் மறுபடி கையெழுத்துப் போட்டுப் பார்த்தார். பேனாவை மூடுவதற்குள் வாசலில் பெண்கள் வந்து நின்றார்கள். அழித்தார். போனார்கள். இன்னொரு தடவை போட்டார். வந்துவிட்டார்கள். அதற்கப்புறம் அந்தக் காகிதத்தைத் தண்ணீர் ஜாடியில் போட்டுவிட்டார்.

எல்லாம் சரிதான், ஆனால் அந்த நான்கு நாட்கள் நெருங்கிக்கொண்டிருந்தன. பெட்டியின் அளவு அட்டவணையை விட ஒன்று, ஒன்றரை என்று குறைந்ததே தவிர, அது போதவே போதாது. அளவுக்காரியின் கன்னம் ஒட்டிப்போயிற்று. தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். இந்த நடையைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தலாம் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார்.

அவளுக்குத் தெரியாமல் அண்ணன் மூன்றடிச் சந்துக்குள் தானே ஒரு மீட்டரை வைத்து ஒரு வாரம் பார்த்தார். மெக்கானிக் யாரோடு வேண்டுமானாலும் சண்டை போடுவார், மீட்டரோடு போடமாட்டார். ஒரு காலை ஸ்பேனர் சத்தம் கேட்டு எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். தன் வீட்டு ஏசியை முதலில் இறக்கினார். ஒரு மாதத்துக்குள் அறுபத்திரண்டும் இறங்கி, தையல் கூடத்தின் பின்பக்கம் வரிசையாக நின்றன. அப்போதும் தங்கையோடு பேசவில்லை. மனைவியிடம் சொன்னார்: “உன் நாத்தனாரைக் கேளு. ஒரு ஆள் சும்மா உக்காந்திருந்தா உடம்பிலேருந்து எவ்வளவு சூடு வரும்?” அளவுக்காரி அண்ணிக்கு எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள். ஒரு துண்டுக் காகிதத்தில் ‘நூறு வாட் பல்பு’ என்று எழுதிக் கொடுத்தாள். அவர் அதை இருநூற்றுப் பன்னிரண்டால் பெருக்கிக்கொண்டார்.

கூடத்தைச் சுற்றி உட்புறமாக இரண்டாவது சுவர் ஒன்று எழும்பியது. இரண்டு சுவருக்கும் நடுவில் மூன்று வருஷத்து வெட்டுத்துணியையெல்லாம் அடைத்தார்கள்; சட்டைக் கைகள், காலர் துண்டுகள், அளவு தப்பிய பள்ளிச் சீருடைகள், சாக்கட்டியால் எழுதிய பழைய அளவுகளும் உட்பட. கழற்றிய இயந்திரங்களை வைத்து அண்ணன் எட்டுத் தொட்டித் தண்ணீரைப் பனிக்கட்டியாக்க ஏற்பாடு செய்தார். அவை விடுகிற சூட்டுக்காற்றை வீடுகளின் தலைக்கு மேலே கொண்டுபோய்விட ஒரு உயரமான தகரக் குழாய் நிறுத்தினார். யார் எங்கே உட்காருவது என்று மட்டும் ஒரு வாரம் சண்டை நடந்தது. கடைசியில் ஜன்னலையே அடைத்துவிட்டார்கள்.

நாள் வந்தது. முதல் நாள் பதினொரு மணிக்குத் தெருவில் பறந்த காக்கை ஒன்று யோசித்துத் திரும்பிப் போயிற்று. தார் உருகி வாசற்படிகளை வந்து தொட்டது. அட்டவணையில் ஐம்பத்திரண்டு புள்ளி ஆறு. பெட்டியில் நாற்பத்தொன்பது புள்ளி மூன்று. உள்ளே இருநூற்றுப் பன்னிரண்டு பேர் தொடையோடு தொடை உரச உட்கார்ந்திருந்தார்கள். முப்பத்திரண்டு டிகிரி. குழந்தைகள் அழுதன, பெரியவர்கள் ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுந்தார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. அளவுக்காரி உள்ளே தொட்டிகளுக்கு நடுவிலும் ஆட்களுக்கு நடுவிலும் நடந்து நடந்து எண்ணிக்கொண்டிருந்தாள். அண்ணன் இயந்திரங்களை விட்டு நகரவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் எண்ணிக்கை இருநூற்றுப் பதினொன்று வந்தது. மறுபடி எண்ணினாள். பதினொன்றுதான்.

இஸ்திரிக்காரர் தன் கடைப் படியில் உட்கார்ந்தபடி இருந்தார். மடியில் சிலேட்டு. இரண்டு மணி, நாற்பத்தெட்டு புள்ளி ஒன்பது என்று அழகாக எழுதியிருந்தது. பக்கத்தில் இருந்தவரிடம், “நாப்பது வருஷம் கரிப்பெட்டி பக்கத்துல நின்னவனுக்கு வெயில் புதுசா? எழுதிட்டு வந்துர்றேன்” என்று சொல்லிவிட்டுப் போனாராம். அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கி உள்ளே கொண்டுவந்தார்கள். பதினொரு மாதத்துக்குப் பிறகு அண்ணன் அவளிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்: “பல்பை எண்ணினோம். ஐஸ்கட்டியை எண்ணினோம். வாசல்ல ஒரு ஆளைப் போடத் தோணலியே நமக்கு.” அவள் அண்ணன் தோளில் தலையை வைத்துக்கொண்டாள். உட்கார்ந்துகொண்டாள். பல மாதங்களில் அவள் உட்கார்ந்தது அப்போதுதான்.

நான்காம் நாள் முடிந்து அறிக்கை எழுதவேண்டி வந்தது. நிலையத்தின் படிவத்தில் ‘உயிரிழப்பு’ என்று ஒரு கட்டம் இருந்தது, ஓர் எண் மட்டும் கொள்கிற அளவுக்கு. அதில் ‘ஒன்று’ என்று எழுத அவள் கை மறுத்தது. அந்தக் கட்டத்தில் தொடங்கி ஓரத்தில் ஏறி, பின்பக்கம் போய், நாலு பக்கத்துக்கு அவரைப் பற்றி எழுதினாள். காற்று தரையில் வருமா மாடி மேல் போகுமா என்று கேட்டது, சந்தின் சூட்டைக் கண்டுபிடித்தது, கடைசி அளவு, வாசலில் ஆள் போடாதது யார் தப்பு என்பது, எல்லாவற்றையும் எழுதினாள். படிவம் தவறாக நிரப்பப்பட்டது என்று குமாஸ்தா திருப்பி அனுப்பினார். இயக்குநர் அதை வழியில் நிறுத்தி வாங்கிப் படித்தார். மறுநாள் மத்தியானம் தெருவுக்கு வந்தார். இஸ்திரிக் கடைப் படிக்கு எதிரில் ஒரு மணி நேரம் வெயிலில் நின்றார். கண்ணாடி வேர்வையில் மூடிக்கொண்டது; துடைக்கவில்லை.

“ரெண்டு மணி அளவு இப்ப யார் எடுக்கறாங்க?” என்று கேட்டார்.

“யாரும் எடுக்கல சார்.”

சிலேட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஓய்வு பெறுகிற வரைக்கும், பெற்ற பிறகும், அந்த அளவு அவருடையதாக இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக நிலையமே தையல் கூடத்துக்கு இடம் மாறிவிட்டது. ஆய்வாளர்கள் முதலில் கேள்வியைத் தெருவில் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துதான் கணக்குப் போட உட்கார்ந்தார்கள். தெருவில் கேள்விகளுக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. நகராட்சியின் எல்லாக் கோப்புகளிலும் ‘குறுக்குத் தெரு அளவு’ என்று ஒரு கட்டம் அச்சடித்தார்கள். பாலம், சாலை, கிணறு, குப்பை எரிப்பது, மரம் வெட்டுவது, பேருந்து விடுவது என்று எதற்கும் முதலில் ஒரு நாளுக்கு மட்டும் கையெழுத்துப் போட்டு, பெட்டியைப் பார்த்துவிட்டு, பிறகு முடிவு செய்தார்கள். எல்லோருக்கும் இதில் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. கிடங்குக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். செங்கல் சூளைக்காரர் ஒருவர் பெட்டிக்குள் ஈரத்துணியை வைக்க ஆள் அனுப்பினார். வந்த ஆள் வெயில் தாங்காமல் மயங்கி விழுந்து, அண்ணியிடம் மோர் வாங்கிக் குடித்துவிட்டு உண்மையைச் சொல்லிவிட்டுப் போனான். ஆறாம் வருஷத்துக்குள் பெட்டியும் அட்டவணையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத அளவுக்கு விலகிப் போயின. அறுநூறு பக்கத்தையும் அண்ணி சட்டைகளுக்கு வெட்டு மாதிரியாகக் கத்தரித்துக்கொண்டாள். அளவுக்காரிக்கு அதில் வருத்தமில்லை. நாளைக்கு என்ன வெயில் என்று தெரியாமல் போனதுதான் அவளை மறுபடி நடக்கவைத்தது.

பதினொன்றாம் வருஷம் ஒரு காலையில் தெருவில் இருந்தவர்கள் போர்வையோடு வெளியே வந்தார்கள். ஊரில் முப்பத்தைந்து, தெருவில் முப்பத்துமூன்று. முதல் தடவையாகப் பின்னால் வரப்போகிற வெயில் இப்போது அடிக்கிற வெயிலை விடக் குறைந்திருந்தது. பெரிய தெருக்காரர்கள் மருந்துக்கடைப் படி வழியாக வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்கள். அளவுக்காரி மாடியில் பெட்டிக்கு முன்னால் நின்று, மூன்று தெர்மாமீட்டரை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். கீழேயிருந்து அண்ணன் குரல் கொடுத்தார்: “மூணும் ஒண்ணுதான் சொல்லும். இறங்கி வா.” பதினொரு நாள் அப்படி இருந்தது. அதற்குள் தெருவிலிருந்து இரண்டு புகார் போய்விட்டது, குழாய்த் தண்ணீர் குளிக்க முடியாமல் சில்லென்று இருக்கிறது என்று.

பன்னிரண்டாம் நாள் புள்ளி ஆறு ஏறியது. வானத்தை யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. அளவுக்காரியும் அண்ணியும் மிஷினை நிறுத்திவிட்டு, ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நகராட்சிக்குப் போனார்கள். கூட்டம் இல்லாத நேரம். குமாஸ்தா அவர்களைப் பார்த்ததும் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு எழுந்தார்.

“நேத்து சாயங்காலம் எதுல கையெழுத்து ஆச்சு?” என்று அண்ணி கேட்டாள்.

“எவ்வளவு ஏறிச்சு?”

“புள்ளி ஆறு.”

“அப்ப மூணாவதா இருக்கும்” என்று சொல்லி, அவர் அடுக்கிலிருந்து அந்தக் கோப்பை உருவி நீட்டினார்.